வெண்பல் மோகம்

மனிதனுடைய நாணத்தை மூலதனமாக வைத்து நடத்தப்படும் வியாபாரங்கள் உலகிற் பல. நரையைக் காட்டி மையை விற்கின்றனர். வழுக்கையைக் காட்டி எண்ணெயை விற்கின்றனர். கருநிறத்தைக் காட்டிக் களிம்பை விற்கின்றனர். இவை நம்மவர் நெடுநாளாய் அறிந்த புரட்டுகள். இப்பொழுது அவ்வரிசையில் முன்னணிக்கு வந்து நிற்பது பல் வெளுப்பு வியாபாரம். பட்டணத்துப் பேரங்காடியில் அதுவே விளம்பரம். அழகு நிலையத்துக் கண்ணாடியில் அதுவே எழுத்து. கைத்தொலைபேசியைத் திறந்தால் அதுவே முதற் காட்சி. பத்து வெள்ளிப் பசையில் தொடங்கிப் பல்லாயிரம் வெள்ளிச் சிகிச்சை வரையில் வகைவகையாகக் கடை விரித்திருக்கின்றனர். வாங்குவோனுக்கு எதை வாங்குவதென்று தெரியவில்லை. விற்போனுக்கோ, வாங்குவோனுக்குத் தெரியாதிருப்பதே பெரும் இலாபம்.

"தோட்டத்துக் கிராணிக்குப் பல் வைத்தியத்தில் என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. வைத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவ்வுரிமை சற்றும் இல்லாத பலர் துணிந்து வைத்தியம் செய்வதைக் கண்டிக்க எவனுக்கும் உரிமை உண்டு. மேலும், செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொருவரும் மாதந்தோறும் என்ன சம்பளம் பெறுகின்றனர் என்று பேரேட்டில் எழுதுகிறவன் நான். அச்சம்பளம் எவ்வழியே கரைகிறது என்பதும் என் கண்ணிற் படாமலிராது. ஆங்கிலம் படித்தவன் என்பதனால், தபாலில் வந்த மருந்துப் பெட்டியின்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டு வருவோர் உண்டு. பல பெட்டிகளில் மருந்தின் பெயர் இராது, அளவு இராது, செய்தவன் முகவரியும் இராது. சிரிக்கும் பெண்ணின் படம் மாத்திரம் தவறாமல் இருக்கும். அப்பெட்டிகளைப் படித்துப் படித்து மூண்ட கோபமே இக்கட்டுரை.

பல்லின் இயற்கை நிறம்

முதலில் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நலமுள்ள பல் காகிதம்போல் வெளுத்திருப்பதன்று. பல்லின் மேற்புறத்தில் எனாமல் என்னும் கடினமான ஓடு உண்டு. மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறொன்றில்லை. அவ்வோடு ஓரளவு ஒளி புகும் தன்மையுடையது. அதனடியில் இருப்பது டென்டின் என்னும் பகுதி. அதன் நிறம் மஞ்சள். கண்ணாடிக் குவளைக்குள் இருக்கும் பானத்தின் நிறம் வெளியே தெரிவதுபோல், உள்ளிருக்கும் மஞ்சள் வெளியே தெரிகின்றது. வயது ஏற ஏற மேலோடு தேய்கின்றது, உட்பகுதி தடிக்கின்றது, ஆகவே பல்லும் மஞ்சளாகின்றது. இது நோயுமன்று, அழுக்குமன்று, இயற்கையின் கணக்கு.

பல் மருத்துவர்கள் நிறம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் மாதிரிப் பற்களின் வரிசையில், பழைய முறைப்படி, 16 படிகள் உள்ளன. அவை யாவும் மனிதர் வாயிற் காணப்படும் நிறங்களை ஒட்டி அமைந்தவை. இக்காலத்து வாடிக்கைக்காரருக்கு அவை போதாவாம். இயற்கையில் இல்லாத வெண்மைக்கெனத் தனியாகப் புதிய படிகளைச் செய்து சேர்த்திருக்கின்றனர். மனிதன் பிறவியிற் பெறாத நிறத்தை விலைக்கு வாங்கி, "இதுவே இயற்கை அழகு" என்று பெருமை கொள்கின்றான். என்னே விந்தை!

நம் புலவர்கள் பல்லை முத்துக்கு ஒப்பிட்டனர். முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டனர். திருக்குறளும் காதலியின் முறுவலை முத்து என்கின்றது. முத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அறிவர்: நன்முத்து சுண்ணாம்புபோல் வெளுத்திராது, மெல்லிய பொன் சாயலும் பால் சாயலும் கலந்து ஒளிரும். பல் வெளுப்புக்காரனோ சுண்ணாம்பைப் பூசிவிட்டு அதனை முத்து என்கின்றான். இலக்கியம் பயின்ற கண்ணுக்கு இப்பொய் உடனே விளங்க வேண்டும்.

வெண்மைக்கு மகுடம் சூட்டியவர் யாவர்?

பல் வெளுத்திருப்பதே அழகு என்னும் எண்ணம் என்றும் எங்கும் இருந்ததன்று. சப்பானில் மேன்மக்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதை அழகென்றும் கௌரவமென்றும் கொண்டிருந்தனர். 1870இல் அந்நாட்டு அரசாங்கம் பிரபுக்களுக்கு அவ்வழக்கத்தைத் தடை செய்தது; 1873இல் பேரரசியே வெண்பற்களோடு வெளியே தோன்றினார்; பிறகே மக்கள் மெல்லமெல்ல மாறினர். நாம் வாழும் இம்மலாய் உலகிலும், பல்லை அராவிக் கறுப்பேற்றுவது ஒரு காலத்தில் அலங்காரமாயிருந்தது. தாம்பூலத்தாற் சிவந்த வாயைப் பாடாத நாடு நம்முடையதன்று. ஆகவே, வெண்பல் என்பது காலத்தின் கோலம். அறத்தின் அடையாளமன்று, குலத்தின் அடையாளமுமன்று.

நம் வீடுகளிற் புழங்கும் ஒரு பற்பசையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1933இல் சாங்காய் நகரில் தொடங்கப்பெற்ற அப்பசைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'டார்க்கி'. கறுப்பு மக்களை இழித்துக் கூறும் சொல் அது. பெட்டியின்மேல் உயர்ந்த தொப்பி அணிந்த கருமுகம் ஒன்று வெண்பற்களைக் காட்டிச் சிரிக்கும். முகம் எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்குப் பல் வெளுப்பாய்த் தோன்றும் என்பதே அப்படத்தின் தத்துவம். 1985இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதிற் பாதிப் பங்கை வாங்கிய பின்னர் எதிர்ப்புக் கிளம்பவே, 1989இல் ஆங்கிலப் பெயரை 'டார்லி' என மாற்றினர். 'கறுப்பர் பற்பசை' என்று பொருள்படும் சீனப் பெயரோ 2022 வரையிற் கழியவில்லை. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் கருநிற மக்களாகிய நாம் அப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, அதிலிருந்த கேலிச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கினோம். பற்பசையின் மேல் எனக்குப் பகையில்லை. பசை பசையாக வேலை செய்தது. ஆனால் வெண்மையை விற்போர் எதனைக் காட்டி விற்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுமோ?

இன்று அக்கருமுகம் பெட்டியில் இல்லை. அதன் இடத்தில் வேறொரு படம் நம் மனத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது. கலியாணத்துக்கு முன்னே பெண் பல்லை வெளுக்க வேண்டுமாம். புகைப்படத்தில் மஞ்சள் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பராம். மாட்டுச் சந்தையிற் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வயதறிவதற்கு. பெண்ணின் பல்லைப் பார்ப்பது எதனை அறிவதற்கு? அவ்வாறு பார்க்கும் சம்பந்தியார், தங்கள் பிள்ளையின் வாயிலுள்ள புகையிலைக் கறையை என்ன செய்தனர் என்று யாரேனும் கேட்டதுண்டா?

கறை ஒன்றன்று

இனி விஷயத்துக்கு வருவோம். பல் வெளுப்புச் சரக்குகளின் மூலப் புரட்டு ஒன்றே: எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து என்பது. கறை ஒன்றன்று, குறைந்தது மூவகை.

முதல் வகை, மேலே படிந்த கறை. தேநீர், காப்பி, வெற்றிலை, புகையிலை ஆகியவற்றால் வருவது. பாலில்லாத தேநீர் மிகுதியாகக் கறை ஏற்றும். பால் சேர்த்தால், பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் தேநீரின் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொள்வதால் கறை குறையும். இதைக் கேட்டு, 'தே தாரிக்' குடிப்போர் மகிழ வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை, கறை செய்யாததைச் சொத்தையாகச் செய்து முடிக்கும். இம்முதல் வகைக் கறையும் அதனோடு சேர்ந்த பற்காரையும், பல் மருத்துவர் ஒருமுறை சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நீங்கும். இதற்கு வெளுப்பு மருந்தே வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, பல்லுக்குள்ளேயே அமைந்த நிறம். வயதால் வரும் மஞ்சள் இதிற் சேரும். கருவுற்ற தாய்க்கோ, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைக் கொடுத்ததால் வந்த சாம்பல் நிறமும் இதிற் சேரும். பல் உருவாகும் பருவத்தில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சியதால் வந்த வெண்புள்ளிகளும் பழுப்புத் திட்டுகளும் இதிற் சேர்வனவே. ஃபுளோரைடு சொத்தையைத் தடுப்பது. மலேசியாவில் 1972 முதல் குடிநீரில் அதனைச் சேர்ப்பது தேசியக் கொள்கை. ஆனால் அளவே அமுதம் என்பதனால், 2005இல் அதன் அளவை இலட்சத்தில் பத்திலொரு பங்கெனக் கணக்கிடும் முறைப்படி 0.7இலிருந்து 0.5 ஆகக் குறைத்தனர். இவ்விரண்டாம் வகையில் மஞ்சள் நிறம் மருந்துக்கு நன்றாக இளகும்; சாம்பல் நிறம் எளிதில் இளகாது.

மூன்றாம் வகை, நோயின் நிறம். ஒரே ஒரு பல் கறுத்திருக்குமானால், அடிபட்டு அதன் உள்நரம்பு இறந்திருக்கக்கூடும். சொத்தையும் கறுப்பாகத் தோன்றும். பழைய அடைப்பும் நிழலாய்த் தெரியும். இவற்றின்மேல் வெளுப்பு மருந்தைப் பூசுவது, கசியும் கூரைக்கு உள்ளிருந்து வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

எந்தக் கறை என்று பாராமலேயே மருந்து விற்கின்றவன், நாடி பாராமற் சூரணம் விற்கும் சந்தை வைத்தியனுக்கு எவ்விதத்தில் உயர்ந்தவன்?

கடைச் சரக்கின் யோக்கியதை

வெளுக்கும் மருந்தின் இரகசியம் பெரிதொன்றுமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதனை மெல்ல வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடு: இவ்விரண்டே அடிப்படை. இம்மருந்து மேலோட்டின் வழியே உட்புகுந்து, நிறம் தரும் பொருள்களைச் சிதைத்து நிறமற்றவையாக்குகின்றது. 10 விழுக்காட்டுக் கார்பமைடு பெராக்சைடு ஏறத்தாழ 3.5 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இவ்வளவு மென்மையான மருந்தைப் பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய உறையில் இட்டு இரவில் அணியும் முறையை, 1989இல் ஹேவுட், ஹேமன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் இருவர் எழுதி வெளியிட்டனர். மருத்துவமனை நாற்காலியிற் செய்யப்படும் முறையில் 25 முதல் 40 விழுக்காடு வரை வலிவுள்ள மருந்தைப் பயன்படுத்துவர். அது ஈறிற் பட்டாற் புண்ணாகும் என்பதனால் முன்கூட்டியே ஈறுக்குக் காப்பிடுவர். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒரு கட்டளை பிறப்பித்தது. அதன்படி 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை பெராக்சைடு உள்ள பல் வெளுப்புச் சரக்கைப் பல் மருத்துவருக்கு மாத்திரமே விற்கலாம். முதன்முறை அவரே, அல்லது அவரது மேற்பார்வையில், பயன்படுத்த வேண்டும். 18 வயது நிறையாதவருக்குக் கூடாது. அங்கே சட்டத்தால் பூட்டி வைத்த மருந்து, இங்கே பெயருமின்றி அளவுமின்றித் தபாற் பையில் வருகின்றது!

ஏனைய சரக்குகளையும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். வெளுப்புப் பற்பசை மேற்கறையைத் தேய்த்து நீக்கும்; உள்நிறத்தை மாற்றாது. அவற்றிற் சில, நீலச் சாயத்தைப் பல்லிற் படியவிட்டு மஞ்சளை மறைக்கின்றன. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும் வித்தை அது, வேறில்லை. நீல விளக்கை வாயிற் பிடித்துக்கொள்ளச் சொல்வோர், விளக்கே பல்லை வெளுப்பதாகப் பேசுகின்றனர். வெளுப்பது மருந்து, விளக்கால் நீடித்த பயன் அதிகமாகக் காணப்படவில்லை. எலுமிச்சம் பழத்தை உப்போடு தேய்க்கச் சொல்லும் உபதேசிகளும் உளர். புளிப்பு மேலோட்டைக் கரைக்கும். கரைந்த ஓடு மறுபடியும் வளராது. ஓடு மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சளே இன்னும் தெளிவாய்த் தெரியும். வெளுக்கச் சென்று மஞ்சளைச் சம்பாதிப்பது இதுவே.

கரித்தூள் கதை இன்னும் வேடிக்கை. நம் பாட்டன்மார் அடுப்புக் கரியையும் உமிக்கரியையும் கொண்டு பல் துலக்கியபோது, படித்தவர் நகைத்தனர். தோட்டத்து நாகரிகமின்மை என்றனர். அதே கரி கறுப்புப் பெட்டியில் ஆங்கிலப் பெயரோடு வந்ததும், அப்படித்தவரின் பிள்ளைகளே பத்து மடங்கு விலை கொடுத்து வாங்குகின்றனர். கரியின் பயனும் பாதுகாப்பும் போதிய சான்றால் நிறுவப்படவில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2017இல் வந்த ஆராய்ச்சித் தொகுப்பு கூறியது. பாட்டன் கையில் இருந்தபோதும் அது பல்லை உராய்ந்தது. பேரன் கையில் இருக்கும்போதும் உராய்கின்றது. முன்னோர் செய்ததாலும் ஒன்று மருந்தாகாது. வெள்ளைக்காரன் பெட்டியில் வந்ததாலும் மருந்தாகாது.

வெனீர் என்னும் கொடுமை

இவை யாவும் காசை விழுங்குவன. பல்லையே விழுங்குவது ஒன்று உண்டு. அதுவே போலி வெனீர்.

முறையான வெனீர் என்பது, பயிற்சி பெற்ற பல் மருத்துவர் பல்லின் மேற்புறத்தை அளவாகச் செதுக்கி, அதற்கெனச் செய்த மெல்லிய ஓட்டைப் பொருத்துவது. செதுக்கிய பல் செதுக்கியதே. பின்னர் மனம் மாறினாலும் பழைய பல் வாராது. இத்தகைய கடும் வேலையை இன்று உணவு விடுதி அறைகளிலும், வீட்டு முன்கூடங்களிலும், அழகு நிலையத்து நாற்காலிகளிலும் பெயரறியாத ஆட்கள் செய்கின்றனர். ஏதோ பிசினைப் பல்லின்மேல் அப்பி, பல்லிடுக்கையும் ஈறோரத்தையும் அடைத்து, வரிசையாய் வெளுத்த ஒரு சுவரை எழுப்பி அனுப்பிவிடுகின்றனர். மலேசியச் சுகாதார அமைச்சு இதனைப் பற்றி எச்சரித்திருக்கின்றது. எச்சரிக்கையைப் படிப்போர் குறைவு. விளம்பரத்தைப் பார்ப்போர் அதிகம்.

எங்கள் தோட்டத்து இளைஞர் ஒருவர், தம் திருமணத்துக்கு முன்பு, பட்டணத்தில் இப்படியொரு சுவரை எழுப்பிக்கொண்டு வந்தார். மணநாட் படங்களிற் சிரிப்பு ஒளிர்ந்தது உண்மை. சில மாதங்களில் ஈறு வீங்கிற்று, இரத்தம் கசிந்தது, துர்நாற்றம் மனைவியையும் விலகச் செய்தது. முடிவில் அரசாங்கப் பல் மருத்துவமனையில் அச்சுவரை இடித்தெடுத்தபோது, உள்ளே நான்கு பற்களிற் சொத்தை புகுந்திருந்தது. வேலை செய்தவனைத் தேடினால் தொலைபேசி எண் மாறிவிட்டது. இழப்பைக் கேட்பதற்கு ஒரு ரசீதுமில்லை, பெயருமில்லை. அவர் கையில் மிஞ்சியது மணநாட் படம் ஒன்றே.

இதனைத் தடுக்கச் சட்டமில்லை என்று எண்ணற்க. மலேசியாவின் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாதவன் பல் மருத்துவம் செய்தால், 3 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. சட்டத்தின் கை நீளமானதுதான். ஆயினும் குற்றவாளியைத் தேடிச் சென்று, முன்பணமும் கொடுத்து, வாயையும் திறந்து காட்டுகின்றவர் நாமாக இருக்கும்போது, சட்டம் என்ன செய்யும்?

மறுப்புக்கு மறுப்பு

"பதிவு பெற்ற மருத்துவர் விலை அதிகம், ஏழைகள் எங்கே போவது?" என்பர் சிலர். 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளக்காரருக்குப் பல நூறு ரிங்கிட் செலவு பெருஞ்சுமையே. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலிவு எது? முந்நூறு ரிங்கிட்டுக்கு ஒட்டி, மூவாயிரம் ரிங்கிட்டுக்குப் பழுதுபார்ப்பது மலிவா? முதல் வகைக் கறையானால், அரசாங்கப் பல் மருத்துவமனையில் மிகச் சிறு கட்டணத்தில் சுத்தம் செய்துகொள்ளலாம். சிங்கப்பூரிற் 'சாஸ்' அட்டை உடையோர், சுத்தம் செய்தல், அடைப்பு முதலிய சிகிச்சைகளுக்குத் தகுதிக்கேற்ற சலுகை பெறலாம்; அழகுக்கான வெளுப்புக்கு அதில் இடமில்லை. இவ்வேற்பாட்டிலேயே ஒரு பாடம் இருக்கின்றது: நலம் முந்தியது, வெண்மை பிந்தியது.

இன்னொரு சாரார், "அழகை நாடுவதே ஆடம்பரம், பல்லை வெளுப்பவர் அற்பர்" என்று பழிப்பர். இவரோடும் நான் உடன்படேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்ணை நான் கண்டிருக்கின்றேன். நேர்முகப் பரீட்சையில் உதட்டைத் திறவாமற் பேசித் தோற்ற இளைஞனையும் அறிவேன். குழந்தைப் பருவத்தில் யாரோ கொடுத்த மருந்தால் வந்த சாம்பல் நிறத்துக்கு அவர்கள் என்ன குற்றம் செய்தனர்? கறையை நீக்கிக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. அவ்விருப்பத்தை ஏய்ப்பதே குற்றம். விரும்புகின்றவரை நகையாதீர், ஏய்க்கின்றவனைப் பிடியுங்கள்.

பதிவு பெற்ற மருத்துவரிடையேயும் ஈறைப் பாராமல், சொத்தையைச் சொல்லாமல், கேட்டதற்குச் சரி என்று பணத்தை வாங்கிக்கொள்வோர் சிலர் இருக்கலாம். சான்றிதழ் கண்ணை மூடிக்கொள்வதற்கு அனுமதிச் சீட்டன்று என்பதை அவர்கட்கும் நினைவூட்டுவோம்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஆகவே, பல்லை வெளுக்க எண்ணுவோர் பணப்பையைத் திறக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கக் கடவர்.

முதலாவது, "என் பல் ஏன் இந்நிறமாயிற்று?" இதற்கு விடை சொல்லாதவனிடம் மருந்து வாங்கலாகாது. முதலிற் பரிசோதனை, பிறகு சொத்தைக்கும் ஈறு நோய்க்கும் சிகிச்சை, அதன்பின் சுத்தம் செய்தல். இவ்வளவும் முடிந்து கண்ணாடியைப் பார்த்தால், வெளுப்பே வேண்டாம் என்று பலருக்குத் தோன்றிவிடும்.

இரண்டாவது, "எந்த மருந்து? எவ்வளவு வலிவு?" நாற்காலி முறை விரைவானது, செலவு மிக்கது, பல் கூச்சமும் பெரும்பாலும் அதிகம். அச்செடுத்த உறையில் மென்மருந்திட்டு வீட்டில் அணியும் முறை வாரக்கணக்கிற் செல்லும். பொறுமையுடையோர்க்கு அதுவே நிதானமான வழி. எம்முறையிலும் பல் கூசுவதும் ஈறு எரிவதும் உண்டாகலாம். பெரும்பாலும் சில நாளில் தணியும். எம்முறையும் அடைப்பையும் பல் உறையையும் வெளுக்காது. முன்பல்லில் அடைப்புள்ளோர் இதை முன்னரே அறியாவிடில், வெளுத்த பல்லின் நடுவே மஞ்சள் ஒட்டுத் தெரிய நிற்பர். எம்முறையும் நிரந்தரமன்று, தேநீரும் புகையும் தொடர்ந்தால் நிறமும் திரும்பும். கருவுற்றோர் குழந்தை பிறக்கும் வரை பொறுத்தல் நன்று.

மூன்றாவது, "செய்பவர் யார்?" மலேசியப் பல் மருத்துவ மன்றமும் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றமும் பதிவு பெற்றோர் பெயர்களை இணையத்திற் காணும்படி வைத்திருக்கின்றன. கைத்தொலைபேசியில் விளம்பரத்தைப் பார்க்கும் அதே விரலால் அப்பெயரையும் தேடலாம். எழுத்தறியாதார் இருந்தால், வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். அப்பெயர் அங்கே இல்லையெனில், எழுந்து வெளியே வந்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்லர்.

அஞ்ச வேண்டிய வெண்மை

இவ்வளவு நேரமும் பல்லின் வெண்மையைப் பேசினோம். வாயில் இன்னொரு வெண்மை உண்டு. அதற்கு விளம்பரமில்லை, அதனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ, துடைத்தாலும் போகாத வெண்திட்டாக அது தோன்றும். சில சமயம் செந்திட்டாகவும் தோன்றும். முதலில் வலிக்காது. வலிக்காத காரணத்தாலேயே அதனை யாரும் பொருட்படுத்துவதில்லை. புற்றுநோய்க்கு அது முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

புகையிலை சேராத வெற்றிலைபாக்கும், பாக்குத் தானும்கூடப் புற்றுநோயை விளைவிப்பன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியது. மலேசியாவில் வாய்ப் புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையேதான் அதிகம். அதிலும் நம் பெண்களிடையே அதிகம். பால்மரக் காட்டில் விடியுமுன் பசியை அடக்கவும், களைப்பை மறக்கவும், நம் தாய்மாரும் பாட்டிமாரும் வெற்றிலையை வாயில் அடக்கினர். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கட்கு யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது.

பேத்தியின் பல்லை வெளுக்க ஆயிரம் ரிங்கிட் திரட்டும் வீட்டில், பாட்டியின் வாயை விளக்கு வைத்து ஒருமுறை பார்த்தவர் உண்டா? பேத்தியைப் பட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் அதே வண்டியில் பாட்டிக்கும் ஓர் இடம் கொடுக்கலாகாதா? இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாற் போகாத திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம்: இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலத்திற் கண்டால் காக்கலாம். காலங்கடந்தால் தாடையை வெட்டியும் காக்க முடியாது போகும்.

1929இல் சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினர். 1949இல் பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் காக்கத் தாதியரைப் பயிற்றும் பள்ளி திறக்கப்பட்டது. இவையெல்லாம் இந்நாட்டு ஏழை மக்களின் வாயில் நோயில்லாதிருக்க வேண்டும் என்பதற்காக எழுந்தவை. அவ்வழியில் வந்த அரசாங்க மருத்துவமனை வாசல் திறந்திருக்க, விடுதி அறைக் கதவைத் தட்டுவது அறிவுடைமையாகுமா?

தோழர்களே! பல்லை வெளுப்பதும் வெளுக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் விருப்பம் நம்முடையதாக இருக்க வேண்டும், விளம்பரக்காரனுடையதாக இருத்தலாகாது. மஞ்சட் பல்லைக் காட்டிச் சிரிப்பதில் அவமானமில்லை. நோயுற்ற பல்லை வெள்ளைச் சுவரால் மறைத்துச் சிரிப்பதிற் பெருமையுமில்லை. இந்த மாதச் சம்பளத்தில் வெண்மைக்கென ஒதுக்கிய பணம் இருந்தால், அதனை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முதலில் அவர் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.